வயிற்றுப் பிள்ளைக்கு இதயக் குறை என்றால்: மலையில் என்னிடம் கேட்கிற கேள்விகள்

கோத்தகிரிப் பக்கம் கிராம சுகாதாரச் செவிலியராக 27 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இப்போதும் ஐந்தாம் மாத ஸ்கேன் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு யாராவது வீட்டுப் படியேறி வருகிறார்கள். சீட்டு முழுக்க ஆங்கிலம். "கீழே போய் ஃபீட்டல் எக்கோ எடுத்துட்டு வாங்க" என்று மட்டும் வாயால் சொல்லி அனுப்பியிருப்பார்கள். வயிற்றுக் குழந்தையின் இதயத்தை மட்டும் பார்க்கிற ஸ்கேன் அது. கீழே என்றால் எங்களுக்கு மேட்டுப்பாளையம், கோவை. கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான் என்பதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. டாக்டர் சொன்னதைப் புரியும்படி திருப்பிச் சொல்வதுதான் என் வேலையாக இருந்தது.

"இதயம் சரியாத் தெரியலை, எக்கோ எடுங்க"ன்னுட்டாங்க. பிள்ளைக்கு இதயத்துல ஓட்டையா சிஸ்டர்?

முதலில் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கச் சொல்லிக் கேளுங்கள். "தெரியவில்லை" என்பது ஒன்று, "குறை இருக்கிறது" என்பது வேறு. 20 வாரத்தில் குழந்தையின் இதயம் ஒரு ரூபாய்க் காசுக்குள் அடங்கிவிடும். அது நிமிடத்துக்கு 140 தடவை போலத் துடித்துக்கொண்டே இருக்கும். குழந்தை முதுகைக் காட்டிப் படுத்திருந்தாலும், அம்மாவின் வயிற்றில் சதை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும், பனிக்குட நீர் குறைவாக இருந்தாலும் படம் மங்கிவிடும். ஊகித்து எழுதாமல் "இன்னொருவர் பார்க்கட்டும்" என்று சொல்கிற ஸ்கேன் டாக்டர் உங்களுக்கு நல்லதுதான் செய்திருக்கிறார்.

அதற்காக சீட்டை பீரோவில் வைத்துப் பூட்டிவிடவும் கூடாது. பிறக்கிற குழந்தைகளில் ஏறத்தாழ 100க்கு ஒன்றுக்கு ஏதோ ஒரு இதயக் குறை இருக்கிறது. பிறவிக் குறைகளில் அதிகம் பார்ப்பது இதைத்தான்.

ஃபீட்டல் எக்கோன்னா என்ன பண்ணுவாங்க? எப்பப் போகணும்?

அதுவும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்தான். ஊசி இல்லை, எக்ஸ்ரே கதிர் இல்லை, வெறும் வயிற்றோடு போக வேண்டியதும் இல்லை. சாப்பிட்டுவிட்டே போங்கள். இதயத்தை மட்டும் அரை மணி, ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பார்கள். நான்கு அறைகளும் இருக்கின்றனவா, இடமும் வலமும் ஒத்த அளவா, வெளியே போகிற இரண்டு பெரிய குழாய்களும் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகப் போகின்றனவா, வால்வுகள் திறந்து மூடுகின்றனவா, ரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது, துடிப்பு சீராக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். குழந்தை திரும்பிப் படுத்திருந்தால் "வெளியே ஒரு நடை நடந்துட்டு வாங்க" என்பார்கள். பயந்துவிட வேண்டாம்.

18 முதல் 24 வாரத்துக்குள் எடுப்பது வழக்கம். என்னைக் கேட்டால் 20, 21லேயே முடித்துவிடுங்கள். ஏன் என்பது கீழே சட்டத்தைப் பற்றிய கேள்வியில் வரும். எல்லா ஸ்கேனுக்கும் போல இதற்கும் படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். ஆணா பெண்ணா என்று மட்டும் கேட்காதீர்கள். 1994 சட்டப்படி சொல்லவும் கூடாது, கேட்கவும் கூடாது. கூட வருகிற மாமியாருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

யாரெல்லாம் கண்டிப்பா எடுக்கணும்?

முந்தின குழந்தைக்கோ, அம்மாவுக்கோ அப்பாவுக்கோ பிறவி இதயக் குறை இருந்தவர்கள். கர்ப்பத்துக்கு முன்பிருந்தே சர்க்கரை இருப்பவர்கள். வலிப்பு மாத்திரை சாப்பிடுபவர்கள். லூபஸ் மாதிரி மூட்டுவலி நோய் உள்ளவர்கள். 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கிற என்டி ஸ்கேனில் கழுத்துப் பின்பக்க நீர் 3.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தவர்கள். ஒரே நஞ்சுக்கொடியைப் பகிர்கிற இரட்டையர், டெஸ்ட்டியூப் முறையில் தரித்தவர்கள், நெருங்கிய சொந்தத்தில் கட்டியவர்களையும் டாக்டர் அனுப்புவார்.

சர்க்கரையில் ஒரு குழப்பம் எப்போதும் வரும். ஆறாம் மாதத்துக்கு மேல் புதிதாக வருகிற கர்ப்பகாலச் சர்க்கரை வேறு கதை. அதற்குள் இதயம் உருவாகி முடிந்துவிட்டது. கட்டுப்படுத்தாவிட்டால் இதயச் சதை தடிக்கலாமே ஒழிய, அது ஓட்டை போடுவதில்லை.

இந்தப் பட்டியலில் நீங்கள் இல்லையென்றால் தப்பித்தோம் என்று நினைக்காதீர்கள். குறையோடு பிறக்கிற குழந்தைகளில் பெரும்பாலோரின் அம்மாக்களும் இந்தப் பட்டியலில் இல்லாதவர்கள்தான். அதனால்தான் குழந்தையின் உறுப்புகளில் குறை இருக்கிறதா என்று பார்க்கிற ஐந்தாம் மாத அனாமலி ஸ்கேனை யாருமே தவறவிடக்கூடாது என்று கத்திக்கொண்டிருக்கிறோம்.

நான் என்ன தப்புப் பண்ணினேன்? கிரகணத்துல வெளியே வந்தது, கூடை சுமந்தது, சொந்தத்துல கட்டினது, எதனால?

இந்தக் கேள்வியை யாரும் வாசலில் கேட்பதில்லை. டீ குடித்து முடித்து, கூட வந்தவர்கள் வெளியே போன பிறகு, முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே கேட்பார்கள்.

கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணினால் ஆறாவது வாரத்தில் இதயம் துடிக்கத் தொடங்குகிறது. பத்தாவது வாரத்துக்குள் அதன் அமைப்பு முடிந்துவிடுகிறது. நம் பெண்களில் பலர் "நாள் தள்ளிப்போச்சு" என்று என்னிடம் சொல்ல வருவதே அந்த நேரத்தில்தான். அப்புறம் வந்த கிரகணமும், ஏழாம் மாதத்தில் தின்ற பப்பாளியும் என்ன செய்யும்? கொழுந்துக் கூடை சுமந்தால் முதுகு வலிக்கும், குழந்தையின் இதயத்தில் ஓட்டை விழாது. பெரும்பாலான குறைகளுக்கு இதுதான் காரணம் என்று எதையும் காட்ட முடிவதில்லை.

காட்ட முடிகிற சில உண்டு. கட்டுப்படாத சர்க்கரை, கர்ப்பத்தின் தொடக்கத்தில் வருகிற ரூபெல்லா அம்மை, மனநோய்க்குத் தருகிற லித்தியம், முகப்பருவுக்குத் தருகிற ஐசோட்ரெட்டினாயின், சில வலிப்பு மாத்திரைகள். இவற்றையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். கருத்தரிக்க நினைக்கும்போதே டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும்.

அக்கா மகள், மாமன் மகன் என்று கட்டினால் வாய்ப்பு கொஞ்சம் கூடுகிறது, அது உண்மை. ஆனால் அப்படிக் கட்டிய பெரும்பாலோருக்கு நல்ல இதயத்தோடுதான் பிள்ளை பிறக்கிறது. சொந்தத்துக்குள் கட்டி வைத்தவர்களே பிறகு மருமகளைப் பார்த்து "உன் ராசி" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அந்த இடத்தில் மட்டும் எனக்குப் பொறுமை கிடையாது.

மலை உயரத்துல இருக்கறதால வருமா?

இல்லை. தென்னமெரிக்க ஆண்டிஸ், திபெத் மாதிரி 3000 மீட்டருக்கு மேல் பிறக்கும் குழந்தைகளுக்கு, பிறந்த பிறகு மூட வேண்டிய ஒரு குழாய் மூடாமல் போவது அதிகம். ஊட்டியே 2240 மீட்டர்தான். கூடலூர் அதில் பாதிதான்.

துடிப்பு நல்லா இருக்கு, வளர்ச்சி நல்லா இருக்குங்கறாங்க. அப்புறம் எப்படிக் குறைன்னு சொல்றாங்க?

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும்.

வயிற்றுக்குள் குழந்தை மூச்சு விடுவதில்லை. அதற்கு வேண்டிய பிராண வாயுவை நஞ்சுக்கொடி தருகிறது. நுரையீரலுக்கு வேலை இல்லாததால் அந்தப் பக்கம் ரத்தம் அதிகம் போக வேண்டாம். அதற்காக இயற்கையே இரண்டு பைபாஸ் போட்டு வைத்திருக்கிறது. ஒன்று இதயத்தின் மேல் அறைகளுக்கு நடுவே ஒரு கதவு. இன்னொன்று நுரையீரல் குழாயையும் உடம்புக்குப் போகிற பெருங்குழாயையும் இணைக்கிற ஒரு சின்னக் குழாய். மெயின் ரோடு அடைத்திருந்தாலும் பைபாஸ் திறந்திருக்கிறவரை வண்டி ஓடும். அதனால்தான் பெரிய குறை உள்ள குழந்தையும் வயிற்றுக்குள் கொழுகொழுவென்று வளர்கிறது.

பிறந்து முதல் அழுகை அழுததும் நுரையீரல் விரிகிறது. கதவு சாத்திக்கொள்ளத் தொடங்குகிறது. அந்தச் சின்னக் குழாய் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் மூடிவிடும். நல்ல இதயத்துக்கு இதனால் ஒன்றும் இல்லை. பைபாஸை நம்பியே ஓடிக்கொண்டிருந்த இதயத்துக்கு அன்றைக்குத்தான் ஆபத்து.

1999இல் ஒரு ஹட்டியில், அதாவது ஒரு படுகர் ஊரில், நடந்தது. சுகப்பிரசவம், மூன்று கிலோ, நன்றாக அழுத குழந்தை. இரண்டாம் நாள் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். மூன்றாம் நாள் மத்தியானத்திலிருந்து பால் குடிக்கவில்லை. பாட்டி "சளி கட்டியிருக்கு" என்றார். நான் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம் ஆறு மணி. உதடு நாவல் பழம் தின்ற மாதிரி இருந்தது. கேரட் மூட்டையை இறக்கிப் போட்டுவிட்டு அதே ஜீப்பில் கிளம்பினோம். மூடுபனியில் வண்டி நகர்ந்ததைவிட நின்றதுதான் அதிகம். குஞ்சப்பனை செக்போஸ்ட்டுக்கு முன்பே மூச்சு நின்றுவிட்டது. என்ன குறை என்றுகூட எங்களுக்குத் தெரியவில்லை. இந்தக் குழாயைத் திறந்தே வைத்திருக்க புரோஸ்டாகிளாண்டின் என்ற மருந்து இருக்கிறது, சொட்டு சொட்டாக ஏற்றுவார்கள், அறுவை சிகிச்சை வரை குழந்தையைத் தாங்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்தது பல வருடம் கழித்துத்தான்.

முன்கூட்டியே தெரிந்திருந்தால் அந்தக் குழந்தை கோவையில், அந்த மருந்து இருக்கிற ஆஸ்பத்திரியில் பிறந்திருக்கும்.

எல்லாக் குறையும் அப்படித்தானா?

இல்லவே இல்லை. டாக்டர்கள் பத்து இருபது பெயர் சொல்வார்கள். நான் மனசுக்குள் மூன்று கூடையாகப் பிரித்து வைத்துக்கொள்வேன்.

முதல் கூடை, பொறுத்திருந்து பார்ப்பது. கீழ் அறைகளுக்கு நடுவே சதைச் சுவரில் இருக்கிற சின்ன ஓட்டை இதில் வரும். பல நேரம் வயிற்றுக்குள்ளேயோ முதல் இரண்டு வருடத்துக்குள்ளோ தானாக மூடிக்கொள்ளும்.

இரண்டாவது, பிறந்து சில மாதம் கழித்து அறுவை சிகிச்சை. பெரிய ஓட்டை, நடுச்சுவரும் வால்வும் சேர்ந்து உருவாகாத குறை, ஃபாலட் எனப்படும் நான்கு குறைகள் சேர்ந்த நோய் எல்லாம் இதில் சேரும். பெரும்பாலான குழந்தைகள் உள்ளூரிலேயே பிறந்து, எடை கூடி, பிறகு போகலாம். ஆனால் எந்தக் குழந்தை அப்படிப் பிறக்கலாம் என்பதைக் குழந்தை இதய மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

மூன்றாவது கூடைதான் மேலே சொன்னது. இரண்டு பெருங்குழாய்களும் இடம் மாறியிருப்பது, பெருங்குழாய் ஓரிடத்தில் இறுகியிருப்பது, நுரையீரல் வால்வு அடைத்தே இருப்பது, இடப் பக்க இதயம் வளராமலே போவது. குழாய் இடம் மாறிய குழந்தைக்கு முதல் இரண்டு மூன்று வாரத்துக்குள் மாற்றித் தைத்துவிட்டால் பெரும்பாலும் மற்றப் பிள்ளைகளைப் போலவே வளர்கிறது. அதற்கும் முன்பாக, பிறந்த முதல் நாளிலேயே பலூன் விட்டு மேல் அறைக் கதவை அகலப்படுத்த வேண்டியும் வரலாம். இடப் பக்க இதயம் வளராத குறை மட்டும் கடினமானது. மூன்று கட்டமாக அறுவை சிகிச்சை, அதன் பிறகும் வாழ்நாள் முழுக்கக் கண்காணிப்பு. அதை இனிப்புத் தடவிச் சொல்ல எனக்கு மனம் வராது.

இதயத்துல வெள்ளைப் புள்ளின்னு எழுதியிருக்கு.

இதயத் தசையில் பளிச்சென்று தெரிகிற ஒரு இடம், அவ்வளவுதான். அது இதய நோய் இல்லை. மற்றதெல்லாம் சரியாக இருந்து, டவுன் சிண்ட்ரோமுக்கான ரத்தப் பரிசோதனையும் நன்றாக வந்திருந்தால் அதை மறந்துவிடலாம். இந்தப் புள்ளிக்காக மூன்று மாதம் தூங்காமல் இருந்த ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். அவள் மகன் இப்போது கால்பந்து ஆடுகிறான்.

வயித்துக்குள்ளேயே சரி பண்ண முடியாதா?

துடிப்புக் கோளாறு என்றால் பல நேரம் முடியும். சாதாரணமாக நிமிடத்துக்கு 110 முதல் 160. சில குழந்தைகளுக்கு 220க்கு மேலே ஓடும். அப்படியே விட்டால் இதயம் களைத்து, உடம்பில் நீர் கோத்துவிடும். அம்மாவுக்கு டிகாக்சின், ஃப்ளெகனைடு மாதிரி மருந்து கொடுப்பார்கள். அது நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய்ச் சேரும். மருந்து சாப்பிடுவது அம்மா, குணமாவது பிள்ளை. அம்மாவுக்கு ஈசிஜி பார்த்துத்தான் தொடங்குவார்கள். நடுநடுவே ஒரு துடிப்பு விட்டு விட்டு வருவது மட்டும் என்றால் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும்.

துடிப்பு 50, 60 என்று இறங்கினால் அம்மாவின் ரத்தத்தைச் சோதிப்பார்கள். ஆன்டி-ரோ என்ற எதிர்ப்புப் பொருள் அம்மாவின் ரத்தத்திலிருந்து போய்க் குழந்தையின் இதயத்தில் மின்னோட்டம் போகிற பாதையைக் கெடுப்பது உண்டு. அம்மாவுக்கு அதுவரை ஒரு நோயும் தெரிந்திருக்காது. அப்படிப்பட்ட சில குழந்தைகளுக்குப் பிறந்த பிறகு பேஸ்மேக்கர் வைக்க வேண்டியிருக்கும்.

ஓட்டையை அடைப்பது, குழாயை மாற்றுவது எல்லாம் பிறந்த பிறகுதான். இறுகிப்போன வால்வை வயிற்றுக்குள்ளேயே பலூன் விட்டு விரிப்பது வெகு சிலருக்கு மட்டும் பொருந்தும். 2023 மார்ச்சில் டெல்லி எய்ம்ஸில் திராட்சை அளவு இதயத்தில் அதைச் செய்தார்கள் என்று செய்தி வந்தது. அதைப் பார்த்துவிட்டு "நமக்கும் பண்ணலாமா" என்று கேட்டவர்கள் ஏராளம். கேளுங்கள், ஆனால் பெரும்பாலும் "தேவையில்லை" என்றுதான் பதில் வரும்.

பனிக்குட நீரை எடுத்து டெஸ்ட் பண்ணணும்ங்கறாங்க. இதயத்துக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

சில இதயக் குறைகள் தனியாக வராமல் குரோமோசோம் கோளாறோடு சேர்ந்து வரும். நடுச்சுவரும் வால்வும் சேர்ந்து உருவாகாத குறை வயிற்றில் தெரிந்தால், ஏறத்தாழ பாதிக் குழந்தைகளுக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கும். முடிவெடுக்கும் முன் முழுப் படமும் தெரிய வேண்டும் அல்லவா, அதற்குத்தான்.

கலைச்சிடறதுதான் நல்லதுன்னு வீட்டுல சொல்றாங்க.

வீட்டில் சொல்லலாம். முடிவு உங்களுடையது. 18 வயது நிறைந்த பெண்ணின் சம்மதம் மட்டும்தான் சட்டத்துக்கு வேண்டும், கணவர் கையெழுத்துக்கூடத் தேவையில்லை. 2021இல் திருத்திய சட்டப்படி 24 வாரம் என்பது ஒரு கோடு. அதற்கு மேல், குழந்தைக்குக் கடுமையான குறை என்று அரசு அமைத்த மருத்துவக் குழு ஒப்புக்கொண்டால் மட்டுமே கருக்கலைப்பு. 20 வாரத்தில் எக்கோ எடுத்தவருக்கு யோசிக்க நான்கு வாரம் இருக்கிறது, 24இல் எடுத்தவருக்கு ஒன்றும் இல்லை. சீக்கிரம் போங்கள் என்று சொன்னது இதற்காக.

குழந்தை இதய மருத்துவரைப் பார்க்காமல் எந்தப் பக்கமும் முடிவெடுக்காதீர்கள். குறையின் பெயர் என்ன, எத்தனை அறுவை சிகிச்சை, எந்த வயதில், அதற்குப் பிறகு பிள்ளை ஓடி ஆடுமா, இந்த ஆஸ்பத்திரியில் இதை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள் என்று எழுதி எடுத்துப் போய்க் கேளுங்கள். ஒரு தடவை ஒரு இடத்தில், பெயரைக்கூடச் சொல்லாமல் "எடுத்துடுங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். அந்தப் பெண் வேறு இடத்தில் காட்டினாள். தானாக மூடுகிற ஓட்டைதான் என்றார்கள். மூடியும்விட்டது. எல்லாருக்கும் அப்படி நடக்காது. எல்லாரும் இரண்டாவது தடவை கேட்கலாம்.

பிரசவம் எங்கே? சிசேரியன்தானா?

இதயக் குறை என்பதற்காக மட்டும் சிசேரியன் வேண்டியதில்லை. பெரும்பாலோருக்குச் சுகப்பிரசவம் ஆகலாம்.

மூன்றாவது கூடைக் குழந்தை என்றால் இடம் முக்கியம். அதைவிட எப்போது இறங்குகிறோம் என்பது முக்கியம். பிறந்த பிறகு ஆம்புலன்சில் வைத்து, குளிரில், கொண்டை ஊசி வளைவுகளில் இறக்குவதைவிட, வயிற்றுக்குள் இருக்கும்போதே அம்மா பஸ்ஸில் உட்கார்ந்து இறங்குவது எவ்வளவோ மேல். 36 வாரத்தில் இறங்கிவிடுங்கள். வலி வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது இங்கே நடக்காது. மே மாதம் சீசன் என்றால் பர்லியாரிலிருந்து வண்டி வரிசை நிற்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் குன்னூர் மேட்டுப்பாளையம் ரோட்டில் எந்த ராத்திரி மண் சரியும் என்று யாருக்கும் தெரியாது.

வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போவது நம் வழக்கம். அம்மா வீடும் மலை மேலேயே, பந்தலூரில் எஸ்டேட் லைன் வீடாக இருந்தால்? இந்த ஒரு தடவை அம்மாவைக் கோவைக்கு வரச் சொல்லுங்கள். சொந்தக்காரர் வீடு, ஆஸ்பத்திரி பக்கத்தில் ஒரு வாடகை அறை, எதுவானாலும் ஏழாம் மாதத்திலேயே பேசி வையுங்கள்.

முதுகு வலிக்கு மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டுக்கலாமா?

இதை யாரும் இதயத்தோடு சேர்த்துக் கேட்பதில்லை, நான்தான் சேர்க்கிறேன். கொழுந்து பறிக்கிற பெண்கள் சாயங்காலம் கடையில் "வலிக்கு ஒண்ணு குடுங்க" என்று வாங்குவது பெரும்பாலும் டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் வகை. மேலே சொன்ன அந்தச் சின்னக் குழாய் வயிற்றுக்குள்ளேயே சுருங்க இந்த மாத்திரைகள் காரணமாகலாம். கடைசி மூன்று மாதத்தில் ஆபத்து அதிகம். 20 வாரத்துக்குப் பிறகு டாக்டர் சொல்லாமல் தொடவே வேண்டாம். தைலம் போல இருக்கிற வலி களிம்பையும் கேட்டுவிட்டே தடவுங்கள். ரத்த அழுத்தத்துக்காக டாக்டர் எழுதிக் கொடுத்த சின்ன ஆஸ்பிரின் வேறு, அதை நிறுத்திவிடாதீர்கள்.

செலவுக்கு என்ன பண்றது?

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குழந்தை இதய அறுவை சிகிச்சைகள் வருகின்றன. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் அட்டை கிடைக்கும். பிள்ளை பிறந்த பிறகு ஓடாதீர்கள், இப்போதே ரேஷன் அட்டையும் வருமானச் சான்றும் வைத்து வாங்கிவிடுங்கள். பிறந்த குழந்தை முதல் 18 வயது வரைக்கான ஆர்பிஎஸ்கே என்ற அரசின் குழந்தை நலத் திட்டத்திலும் பிறவி இதயக் குறை சேர்ந்திருக்கிறது. உங்கள் ஊர்ச் செவிலியரிடம் சொன்னால் வழி காட்டுவார். கூடலூர்க்காரர்கள் பக்கம் என்று கேரளாவுக்குப் போவதானால், அங்கே உங்கள் அட்டை செல்லுமா என்று முன்னாலேயே போனில் கேளுங்கள்.

எக்கோ நார்மல். இனி நிம்மதியா இருக்கலாமா?

பெரும்பாலும் இருக்கலாம். ஆனால் சின்ன ஓட்டைகளும், பெருங்குழாய் இறுக்கமும் எக்கோவில் தப்பலாம். அந்த இரண்டு பைபாஸும் பிறந்த பிறகு மூடுமா என்பதை முன்பே யாராலும் சொல்ல முடியாது. அதனால் பிறந்து 24 மணி நேரம் ஆனதும், வீட்டுக்குக் கிளம்பும் முன், வலது கையிலும் ஒரு காலிலும் ஆக்சிஜன் அளவு பார்க்கச் சொல்லுங்கள். விரலில் மாட்டுகிற கிளிப் மாதிரிதான், வலிக்காது. 95 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், கைக்கும் காலுக்கும் 3க்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. மலை உயரத்தில் ஓரிரு எண் குறைவாகக் காட்டலாம். குறைந்தால் மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள்.

வீட்டில் கவனிக்க வேண்டியது: பால் குடிக்கும்போதே நெற்றி வியர்ப்பது, இரண்டு வாய் குடித்துவிட்டுக் களைத்து விடுவது, தூங்கும்போதும் நிமிடத்துக்கு 60க்கு மேல் மூச்சு. நம் குளிரில் கை கால் நீலமாவது சகஜம், போர்த்தினால் சரியாகும். நாக்கும் உதடும் நீலமாக இருந்தால் குளிர் என்று சொல்லாதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள்.

அடுத்த பிள்ளைக்கும் வருமா?

ஒரு குழந்தைக்கு இருந்தால் அடுத்ததற்கு வருகிற வாய்ப்பு பொதுவாக 100க்கு 2 அல்லது 3. அதாவது 97 பேருக்கு வராது. மரபணுக் காரணம் கண்டுபிடித்திருந்தால் கணக்கு மாறும், அந்த ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள். கருத்தரிக்க நினைக்கும் முன்பே ஃபோலிக் அமில மாத்திரை, ரூபெல்லா தடுப்பூசி போட்டோமா என்று பார்ப்பது, சர்க்கரை இருந்தால் கட்டுக்குள் கொண்டுவருவது. ரூபெல்லா ஊசி போட்டால் ஒரு மாதம் பொறுக்க வேண்டும், கர்ப்பத்தில் போடக்கூடாது. அப்புறம் நாள் தள்ளிப்போன வாரமே செவிலியரிடம் சொல்லி, முதல் சீட்டிலேயே "முந்தின குழந்தைக்கு இதயக் குறை" என்று எழுதச் சொல்லுங்கள்.